ஜட்ஜம்மாவின் இரண்டு மட்டைகள்

காலையில் அறையைத் திறந்து விளக்கைப் போட்டவள், இயந்திரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இரும்புக் குண்டு கம்பியின் கடைக்கோடியில் நின்றிருந்தது. அது அங்கே நிற்கக் கூடாது.

டென்னிஸ் மட்டைக்கும் இறகுப்பந்து மட்டைக்கும் நரம்பு கட்டுவதுதான் அந்தக் கிளப்பில் அவள் வேலை. கட்டி முடித்ததும் மட்டையைக் காதோரம் வைத்து, நரம்பை விரலால் சுண்டிப் பார்ப்பாள். எழும் சத்தத்தை வைத்தே இறுக்கம் இத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவாள். அதனால் உறுப்பினர்கள் அவளுக்கு வீணை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

இயந்திரம் என்று பெயர்தான் பெரிது. மேசைமேல் ஒரு பீடம். மட்டையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கிடுக்கிகள். பக்கவாட்டில் ஒரு நீளக் கம்பி. அதில் நகர்த்தக்கூடிய ஓர் இரும்புக் குண்டு. குண்டின் பாரம்தான் நரம்பை இழுத்துப் பிடிக்கும். குண்டு வெளியே தள்ளிப் போகப் போக இழுப்பு கூடும். இறகுப்பந்து மட்டைக்கு வெறுங்குண்டு போதும். டென்னிஸ் மட்டைக்கு அதோடு ஒரு கனமான வளையத்தையும் மாட்ட வேண்டும். எனவே கம்பியில் ஒரு பக்கம் வெறுங்குண்டுக்கான எண்கள், மறுபக்கம் வளையம் சேர்த்த குண்டுக்கான எண்கள்.

இப்போது வளையம் மாட்டியிருந்தது. ஆனால் குண்டு நின்றது, வெறுங்குண்டுப் பக்கத்தின் நாற்பத்து நான்கில்.

நேற்று மாலை அவள் கடைசியாகக் கட்டியவை ஜட்ஜம்மாவின் இரண்டு மட்டைகள்.

எப்படி நடந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த ஆடுகளங்கள் இந்த வாரம்தான் திறந்திருந்தன. மரங்கள் துளிர்விட்டதோ இல்லையோ, உறுப்பினர்கள் துளிர்த்துவிட்டார்கள். பரணில் கிடந்த மட்டைகள் எல்லாம் ஒரே நாளில் அவள் மேசைக்கு வந்தன. காலையிலிருந்து ஒன்பது இறகுப்பந்து மட்டைகள். விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பத்தாவதாக ஜட்ஜம்மாவின் மட்டையை எடுத்தபோது வளையத்தை மறக்காமல் மாட்டினாள். கண் மட்டும் பழக்கத்தில் பழைய பக்கத்தையே படித்துவிட்டது. கட்டி முடித்துச் சுண்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் உடற்பயிற்சிக் கூடத்தில் வசந்தகால வகுப்பு தொடங்கியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியே குதித்தது. சுண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்று எண்ணி இரண்டு மட்டைகளையும் உறையில் போட்டு அலமாரியில் வைத்தாள். ஆறு மணிக்கு ஜட்ஜம்மா வந்து எடுத்துப் போனார்.

பெட்டிகளின் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இழுப்பறையில் இருந்தது. நரம்புத் துண்டு ஒன்றை அதில் கட்டி, கம்பியை மெல்ல இறக்கினாள். முள் ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்தைந்தைத் தாண்டியது. அறுபதில் நின்றது.

நாற்பத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் அறுபது.

வேறு யாராவது என்றால், மட்டை பலகை மாதிரி இருக்கிறது என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஜட்ஜம்மா விஷயம் அப்படியல்ல. ஓய்வு பெற்ற நீதிபதி. அறுபத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்கையில் அறுவை நடந்தது. இத்தனை நாள் கையால் மட்டையைத் தொடவில்லை. இந்த வசந்தத்தில்தான் மறுபடி ஆட அனுமதி கிடைத்திருந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. நரம்பு தளர்வாக இருக்க வேண்டும். நாற்பத்து நான்குக்கு மேல் ஒரு பவுண்டுகூடக் கூடாது. அடியின் அதிர்வு முழுக்க முழங்கைக்கு ஏறினால் தைத்த இடம் தாங்காது. மருத்துவர் எழுதிய சீட்டையே மட்டையின் உறையில் ஜட்ஜம்மா போட்டுக் கொடுத்திருந்தார்.

சுவர்க் கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது. பக்கத்து ஊர் கிளப்போடு இரட்டையர் ஆட்டம் எட்டரைக்கே தொடங்கியாயிற்று.

வீணை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால் எழவில்லை.

குளிர்காலத்தில் ஓர் உறுப்பினருக்கு அவள் கட்டிய நரம்பு முதல் நாளே அறுந்தது. மட்டையின் சட்டத்தில் விரிசல் இருந்ததுதான் காரணம்; ஆனாலும் புகார் புகார்தான். செயலாளர் அவளைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னார். டவுனில் ஒரு கடையில் மின்சார இயந்திரம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்தினால் அதுவே இழுத்துக்கொள்ளும். இந்த வசந்தம் முடியும்வரை பார்ப்போம். இன்னொரு புகார் வந்தால் மட்டைகள் டவுனுக்குப் போகும்.

அதாவது அவள் சலவைக் கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இங்கே வருமுன் நான்கு வருடம் அங்கேதான் ஆவியில் நின்றாள். இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு வருடம் அங்கே நின்றால் மூச்சுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான், இந்தக் கிளப்பில் பயிற்சி வகுப்பு எடுக்கும் நாத்தனார் சொல்லி இந்த வேலை கிடைத்தது.

யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. குண்டை ஒரு விரலால் உள்ளே தள்ளினால் போதும். கட்டிய நரம்பு நாளாக நாளாகத் தானே தளரும். ஜட்ஜம்மா இரண்டு வருடம் கழித்து ஆடுகிறார். மட்டை கனக்கிறது, கை வலிக்கிறது என்றால் யார் மட்டையைச் சந்தேகிப்பார்கள்? கைதான் பழசு என்று நினைத்துக்கொள்வார்கள். அவரேகூட அப்படித்தான் நினைப்பார்.

அவள் விரல் குண்டின்மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரும்பு சில்லென்றிருந்தது.

அவரேகூட அப்படித்தான் நினைப்பார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் குத்தியது. தன் பிழையை ஓர் அம்மாள் தன் உடம்பின்மேல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். விரலை எடுத்தாள். "ஆண்டவனே, என்னை நடக்க வை. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள். குண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஆடுகளங்களுக்கும் நடுவே ஒரு புல்வெளி. அங்கே நாத்தனார் காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர் முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் பட, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தார்கள். வீணை ஓடி வருவதைப் பார்த்ததும் அவள் அருகே வந்தாள். வீணை மூச்சு வாங்க நாலு வரியில் சொல்லி முடித்தாள்.

நாத்தனார் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப சொல்லாதீங்க. ஆட்டம் முடியட்டும். மட்டையைக் குடுங்க, இன்னும் கொஞ்சம் சரி பண்ணித் தரேன்னு நைசா வாங்கி மாத்திக் கட்டிடுங்க."

"அதுக்குள்ள கை போயிடுமே."

"ஒரு மணி நேரத்துல போயிடாது. நீங்க போய் ஒத்துக்கிட்டா உங்க வேலை ஒரு நிமிஷத்துல போயிடும். உங்களுக்காக அந்த செக்ரட்டரி மனுஷன் ரூம் வாசல்ல எத்தனை நாள் நின்னேன் தெரியுமா? என் பேரும் சேர்ந்துதான் கெடும்."

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. புல்வெளியிலிருந்து ஓர் ஆண் குரல், இன்னும் எவ்வளவு நேரம் என்று முனகியது.

"நீ கோபப்படுறது நியாயம்தான்" என்றாள் வீணை. "ஆனா அவங்க அடிக்கிற ஒவ்வொரு அடியும் நான் அடிக்கிற மாதிரி இருக்கு. நான் போறேன்."

"போங்க. போய்த் தலையைக் குடுங்க" என்றாள் நாத்தனார். பிறகு திரும்பிப் பன்னிரண்டு பேரையும் பார்த்து, இடுப்பைத் தூக்கச் சொல்லி அதட்டினாள். யாருடைய இடுப்பும் இறங்கியிருக்கவில்லை.

இரண்டாம் எண் ஆடுகளம் வேலியோரத்தில் இருந்தது. பார்க்க இருபது இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செயலாளர், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக நின்றிருந்தார். ஜட்ஜம்மாவின் ஜோடி ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தது. அவரோடு ஆடியவர் ஒரு கண் டாக்டர், நாற்பது வயதுப் பெண்மணி. இப்போது சர்வீஸ் போடுவது ஜட்ஜம்மாவின் முறை.

அவர் பந்தை மேலே எறிந்து அடித்தார். மட்டையில் பட்ட சத்தமே வீணைக்குப் போதுமானதாக இருந்தது. மரக்கதவில் கல் விழுந்த மாதிரி, வறட்டுச் சத்தம். பந்து வலைக்குள் விழுந்தது. ஜட்ஜம்மா இடது கையால் வலது முழங்கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டார்.

வீணை செயலாளரிடம் போய், ஜட்ஜம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். ஆட்டம் நடக்கும்போது வெளியாள் பேசினால் நாம் ஒரு புள்ளி இழப்போம், முடியட்டும் என்றார் அவர். அவசரம் என்றாள். வீட்டிலிருந்து ஏதாவது செய்தியா என்று கேட்டார்.

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரே ஆட்டத்தை நிறுத்தியிருப்பார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பிழையை மறைக்கக் கூடாது என்று வந்துவிட்டு ஒரு பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"செய்தி இல்ல சார். அவங்க மட்டையை நான் தப்பாக் கட்டிட்டேன். நாற்பத்து நாலுக்குப் பதிலா அறுபது. ரெண்டு மட்டையும்."

செயலாளர் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார் மெதுவாக. "போன தடவை என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

அவர் எதிரணியின் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் கிளப்பின் மானம் போகும் என்றும், எதுவானாலும் ஆட்டத்துக்குப் பிறகு பேசலாம் என்றும், இப்போது தயவுசெய்து அறைக்குப் போகும்படியும் சொன்னார். மோசமான மனிதர் அல்ல. எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை, அவ்வளவுதான்.

வீணை அறைக்குப் போகவில்லை. வேலியை ஒட்டி நடந்து, ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றாள். இந்த கேம் முடிந்ததும் இரு அணியும் பக்கம் மாறுவார்கள். ஒன்றரை நிமிடம் உட்காருவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

கேம் முடிவேனா என்றது. நாற்பதுக்கு நாற்பது. ஜட்ஜம்மா ஒரு புள்ளி எடுத்தால் அடுத்ததை விட்டார். வீணை அடிகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணக் கூடாது என்று நினைத்தாள், முடியவில்லை. ஏழு. எட்டு. ஒன்பதாவது அடியில் ஜட்ஜம்மாவின் வாய் கோணியது. பதினொன்றாவதில் மட்டை கையிலேயே ஒருமுறை திரும்பிவிட்டது. பதினான்காவது அடி வெளியே விழுந்தது. கேம் போயிற்று. ஒன்றுக்கு நான்கு.

ஜட்ஜம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கண் டாக்டர் தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை.

"உன்னை இழுத்துட்டு வந்திருக்கக் கூடாது" என்றார் அவரிடம். "மட்டை புதுசா கட்டினதுதான். என் கைதான் போயிடுச்சு. இந்த மேட்ச்சோட போதும். மட்டையை யாருக்காவது குடுத்துடறேன்."

"அம்மா."

ஜட்ஜம்மா திரும்பினார்.

"கை போகலைம்மா" என்றாள் வீணை. "மட்டைதான் தப்பு. நான் தப்பாக் கட்டிட்டேன்."

ஜட்ஜம்மா மடியிலிருந்த மட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முப்பது வருடம் சாட்சிகளைப் பார்த்த கண்கள்.

"எத்தனை பவுண்டு?"

"அறுபது."

"எப்ப தெரிஞ்சது?"

"எட்டு நாற்பதுக்கு."

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஒன்பது அஞ்சு. இருபத்தஞ்சு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

பாதி உண்மை சொல்ல இதுதான் வசதியான இடம். செயலாளர் தடுத்தார் என்றால் அது உண்மையும்கூட.

"வழியில பேசிட்டு இங்க ஓடி வந்தது அஞ்சு நிமிஷம். இங்க வேலிக்கு வெளியில நின்னது பத்து நிமிஷம் இருக்கும். மீதி நேரம், சொல்லலாமா விட்டுடலாமான்னு உட்கார்ந்திருந்தேன்மா."

ஜட்ஜம்மா மட்டையை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். அதற்குள் செயலாளர் வேகமாக வந்துவிட்டார். எதிரணியில் இளையவளாக இருந்தவள், வெளியாள் ஆட்டக்காரரிடம் பேசுகிறார், புள்ளி எங்களுக்கு வர வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னாள். விதிப்படி அவள் சொன்னது சரி. செயலாளர் கைகளைப் பிசைந்தார். ஜட்ஜம்மா எழுந்து நின்று, விதி விதிதான், புள்ளியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். ஆட இனி மட்டை இல்லை. ஆகவே ஆட்டத்தையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

எதிரணித் தலைவி பெரிய தொப்பி போட்ட ஒரு பருமனான அம்மாள். என்ன நடந்தது என்று கேட்டார். வீணைதான் வேலிக்கு வெளியிலிருந்து, முதலில் சொன்னதையே மறுபடி சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது கொஞ்சம் எளிதாக இருந்தது. உட்கார்ந்திருந்த இருபது பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற நினைப்பில் ஒரு விதமான நிம்மதிகூட இருந்தது.

தொப்பிக்கார அம்மாள் தன் பையை அவிழ்த்து ஒரு மட்டையை எடுத்தார்.

"எனக்குத் தோள்ல கோளாறு. நாற்பத்தஞ்சுல கட்டியிருக்கேன். பிடி கொஞ்சம் தடிமன். ஆடிப் பாருங்க" என்று நீட்டினார்.

"அக்கா, நாமதானே ஜெயிச்சுட்டு இருக்கோம்" என்றாள் இளையவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதான் குடுக்கிறேன். தோத்துட்டு இருந்தா குடுத்திருப்பேனா?" என்றார் அவர். பிறகு ஜட்ஜம்மாவிடம், "ஆனா ஒண்ணு. தோத்தா என் மட்டையைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா பேசாம திருப்பிக் குடுத்துட்டுப் போயிடணும்."

அப்போதுதான் ஜட்ஜம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் முழங்கையை மடக்கியபோது மறுபடி முகம் சுருங்கிற்று. கண் டாக்டரிடம் கையை நீட்டினார்.

"என்கிட்ட ஏன் நீட்டுறீங்க? முழங்கைக்குக் கண் இருந்தா பார்த்துச் சொல்வேன்."

யாரோ வேலியைச் சுற்றி ஓடி வரும் சத்தம் கேட்டது. நாத்தனார். கையில் ஐஸ் பை, தோளில் துண்டு. வீணையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய் ஜட்ஜம்மா முன்னால் மண்டியிட்டு, முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கினாள், திருப்பினாள், இரண்டு இடத்தில் அழுத்திக் கேட்டாள். வீக்கம் தொடங்கியிருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை என்றாள். ஐந்து நிமிடம் ஐஸ் வைக்க வேண்டும்; தளர்ந்த மட்டையில் ஆடலாம்; சர்வீஸை மட்டும் கையைத் தூக்காமல் இடுப்பளவில் போட வேண்டும்; வலித்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். எதிரணித் தலைவி அந்த ஐந்து நிமிடத்தைத் தாராளமாக ஒப்புக்கொண்டார்.

"உன் வகுப்பு?" என்று வீணை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"பலகையா கிடக்கிறாங்க. எந்திரிக்கச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள் நாத்தனார், திரும்பாமலேயே. பிறகு, "நீங்க பாதி வழி போனதும், உங்களைத் தனியா விட்டுட்டேனேன்னு இருந்துச்சு அண்ணி" என்றாள். அதையும் ஐஸ் பையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஜட்ஜம்மா முதல் பந்தைத் திருப்பி அடித்தபோது வீணை கண்ணை மூடிக்கொண்டாள். பந்து ஆழமாகப் போய் கோட்டின்மேல் விழுந்ததாகச் சொன்னார்கள். அடுத்ததையும் அடுத்ததையும் அவள் கண் திறந்து பார்த்தாள். ஜட்ஜம்மா வேகமாக ஆடவில்லை. எங்கே பந்து வரும் என்று தெரிந்தவராக, இரண்டு அடி நடந்து, மட்டையை விரித்து, அனுப்பினார். ஒன்றுக்கு நான்கு, நான்குக்கு நான்கு ஆயிற்று. தொப்பிக்கார அம்மாள் இரவல் கொடுத்த தன் மட்டையைத் தானே திட்டிக்கொண்டார். ஆனால் முடிவில் விருந்தாளிகளே வென்றார்கள், இரண்டாவது செட்டில் இழுபறிக்குப் பிறகு. வலையருகே கை கொடுக்கும்போது ஜட்ஜம்மா இடது கையைத்தான் கொடுத்தார்.

வீணை அறைக்குத் திரும்பி வந்து, மேசையைத் துடைத்தாள். தன் கத்தரி, ஊசி, நரம்புச் சுருள்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினாள். போகச் சொன்னால் எடுத்துப் போக அதிகம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. இருமல்தான் வந்தது.

பதினோரு மணிக்கு ஜட்ஜம்மா வந்தார். முழங்கையில் கட்டு. மூன்று வாரம் ஓய்வு என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். இந்த வசந்தத்தின் லீக் ஆட்டங்களில் பாதி அதிலேயே முடிந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மட்டைகளையும் மேசைமேல் வைத்தார்.

"மூணு வாரம்னா, உங்களுக்கு அது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதும்மா."

"தெரியணும். ஒண்ணுமில்ல, பரவாயில்லன்னு நான் சொல்லப் போறதில்ல. ரெண்டு வருஷம் இதுக்காகத்தான் காத்திருந்தேன்." கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். "ஆனா அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ நான் மட்டையை வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா மூணு வாரம் இல்ல, மொத்தமும் போயிருக்கும். அதையும் நான் மறக்கப் போறதில்ல."

வீணை தலையை நிமிர்த்த முடியாமல் நின்றாள். தண்டனையும் தயவும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அப்போது செயலாளர் வந்தார். கையில் புகார்ப் புத்தகம். ஜட்ஜம்மாவைப் பார்த்ததும் சற்றுத் தயங்கி, தேதியும் விவரமும் தானே எழுதிவிட்டதாகவும், கையெழுத்து மட்டும் போதும் என்றும் சொன்னார். ஜட்ஜம்மா புத்தகத்தை வாங்கி, முழுதாகப் படித்து, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"பாதிக்கப்பட்டது யாரு?"

"நீங்கதாம்மா."

"நான் புகார் குடுக்கலையே."

"எல்லாரும் பார்த்தாங்களேம்மா. கமிட்டியில கேட்பாங்க."

"கேட்டா நடந்ததைச் சொல்லுங்க. தப்பாக் கட்டினாங்கன்னு சொல்லுங்க. யாருமே கண்டுபிடிக்க முடியாத ஒரு தப்பை, வேலை போகும்னு தெரிஞ்சும், அவங்களே நடந்து வந்து சொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. பாதியை மட்டும் சொன்னா மீதியை நான் வந்து சொல்ல வேண்டியிருக்கும்."

செயலாளர் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு வீணையிடம், வாசலில் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன் என்றார். அவள் அப்படி நினைக்கவில்லை என்றாள். அவர் போய்விட்டார். என்ன முடிவு என்று சொல்லவில்லை.

ஜட்ஜம்மாவும் எழுந்தார். மட்டைகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவசரமில்லை, மூன்று வாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கதவருகே நின்று, இருமலுக்கு யாரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரித்து, பதில் திருப்தி தராததுபோல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மதியம் நாத்தனாரோடு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இருவரும் காலையைப் பற்றிப் பேசவில்லை. பலகையாகக் கிடந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லையாம், தூங்கிவிட்டாராம். சொல்லும்போது நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீணை சிரித்தாளே தவிர, சாப்பாடு இறங்கவில்லை. கமிட்டி மாலையில் கூடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அலமாரியில், ஜட்ஜம்மாவின் மட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஸ்குவாஷ் மட்டை இருந்தது. பிடியில் உறை கிழிந்து, நரம்பு தொய்ந்து, எத்தனையோ காலமாக யாரும் தொடாதது. ஒரு சீட்டு கட்டியிருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் பார்க்கும் அதே சாய்ந்த கையெழுத்து, செயலாளருடையது.

இருபத்தெட்டு பவுண்டு, அடுத்த வாரம் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தார். கீழே, கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு வரி: நிதானமாகக் கட்டவும்.

வீணை அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள், 'அடுத்த வாரம்' என்ற சொற்களை மட்டும் மூன்றாம் முறையும். மனதுக்குள் ஆண்டவனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, மட்டையை மேசைமேல் கிடத்தி, தொய்ந்த நரம்பை நடுவிலிருந்து கத்தரிக்கத் தொடங்கினாள்.